வீடு ஏலத்தில் போன பிறகு மீண்டும் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

தவணை கட்ட முடியாமல் வீட்டை வங்கி ஏலத்தில் விற்றுவிட்டால், அதன் பிறகு எந்த வங்கியும் தங்களுக்குக் கடன் தராது என்று நம்பி, வட்டிக்காரரிடம் போய் நிற்பவர்கள் இலங்கையின் மலையகத்தில் பலர். நாம் 'கிரிப்' என்று சொல்லும் கடன் தகவல் பணியகம் கறுப்புப் பட்டியல் எதையும் வைத்திருப்பதில்லை. அது கடன் வரலாற்றை மட்டுமே காட்டுகிறது. கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு.

முதல் வேலை, பழைய கணக்கை முடிப்பது. வீடு போனதோடு கடனும் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி வங்கி நீதிமன்றம் செல்லாமலே 'பராட்டே' முறையில் ஏலம் விட்டிருந்தாலும், விற்ற பணம் போதாவிட்டால் மிகுதியை உங்களிடம் கேட்கலாம். கடனுக்கு மேல் பணம் கிடைத்திருந்தால் அந்த மிச்சம் உங்களுக்கு வர வேண்டியது. ஆகவே பழைய வங்கிக்கு எழுத்தில் விண்ணப்பித்து, ஏலத் தொகை, கழித்த செலவு, இன்றைய நிலுவை ஆகியவற்றைக் காட்டும் கணக்குக் கூற்றைப் பெறுங்கள். நிலுவை இருந்தால் வட்டியைக் குறைத்துத் தரும்படி பேசி, கட்டி முடித்ததும் கணக்கு இலக்கமும் திகதியும் குறிப்பிட்ட தீர்வுக் கடிதத்தை வாங்காமல் திரும்பாதீர்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

அடுத்து, உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே எடுத்து வரி வரியாகப் பாருங்கள். தீர்த்த கடன் இன்னும் நிலுவையாகக் காட்டப்பட்டால், கடன் தந்த நிறுவனத்திடம் சொல்லித் திருத்துங்கள். முச்சக்கர வண்டி லீசிங், பிறருக்கு வைத்த பிணைக் கையெழுத்து ஆகியவையும் அங்கே தெரியும்.

சம்பளம் பெறுபவர்கள் வருமானத்தைக் காட்டச் சம்பளச் சிட்டைகளை வைக்கலாம். மரக்கறித் தோட்டம் செய்பவர்கள் விற்பனைப் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்து, பணத்தை வங்கிக் கணக்கின் ஊடாகவே எடுக்கப் பழக வேண்டும். ஊழியர் சேமலாப நிதி உள்ளவர்கள் அதைப் பிணையாக வைத்து வீட்டுக் கடன் பெறும் வழியை அரச ஈட்டு முதலீட்டு வங்கி போன்ற இடங்களில் விசாரிக்கலாம். ஆனால் தவணை தவறினால் முதுமைக்கான பணமே கழிக்கப்படும்.

நம் பக்கத்தில் விண்ணப்பங்கள் பெரிதும் சிக்குவது காணிப் பத்திரத்தில்தான். தோட்டக் காணியில் பல காலம் குடியிருந்தாலும், பதிவு செய்த உறுதி இல்லாவிட்டால் வங்கி அதை ஈடாக ஏற்காது. உறுதி, நில அளவை வரைபடம், காணிப் பதிவகப் பிரதி, பிரதேச சபையின் சான்றிதழ்கள் ஆகியவற்றைச் சட்டத்தரணி ஒருவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். மண்சரிவு அபாயமுள்ள நம் மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை தேவைப்படுவதால், காணிக்கு முற்பணம் கொடுக்கும் முன்பே அதைக் கேட்டறிவது நல்லது.

கடைசியாக, விண்ணப்பத்துடன் ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். வீடு ஏன் போனது, நிலுவை எப்போது தீர்ந்தது, இப்போது வருமானம் எப்படி மாறியிருக்கிறது என்பவற்றை மறைக்காமல் எழுதுங்கள், ஏனெனில் அதிகாரி எப்படியும் அதை அறிக்கையில் பார்ப்பார். ஒரே நேரத்தில் பல வங்கிகளில் விண்ணப்பிக்காதீர்கள்; ஒவ்வொரு வங்கியின் விசாரணையும் கிரிப்பில் பதிவாகும்.