எழுதாத செய்தியைப் படிக்கக் கற்பித்தல்

கரும்பலகையில் இப்படி ஒரு வாக்கியத்தை எழுதுங்கள்: "மூன்று நிலும்பிகள் வதலையில் நொறுண்டின." பிறகு கேளுங்கள்: எத்தனை நிலும்பிகள்? அவை எங்கே நொறுண்டின? வதலையில் என்ன செய்தன? வகுப்பு முழுவதும் கைதூக்கும். எல்லா விடைகளும் சரியாக இருக்கும். ஆனால் நிலும்பி என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. அப்படி ஒரு சொல்லே கிடையாது, நான் கட்டியது.

வினாவிலுள்ள சொல்லை உரைப்பகுதியில் தேடிப் பிடித்து, பக்கத்தில் இருப்பதை எடுத்தெழுதப் பொருள் புரிய வேண்டியதில்லை. "எங்கே" என்று கேட்டால் "இல்" என்று முடியும் சொல்லைப் பார்த்தால் போதும். நடுநிலை வகுப்புகளுக்கு மொழிப்பாடம் எடுத்த முதல் சில ஆண்டுகளில், இந்தத் தேடலைப் புரிதல் என்று எண்ணி முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

பாடத்திட்டம் உய்த்துணர்தல் என்று சொல்வதை மாணவர்களிடம் நான் இப்படித்தான் விளக்குவேன்: எழுத்தில் உள்ள ஒரு சொல், உனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு செய்தி, இரண்டையும் சேர். எழுதாத மூன்றாவது செய்தி கிடைக்கும். சொல் இல்லாவிட்டால் அது உன் கற்பனை. தெரிந்த செய்தி இல்லாவிட்டால் அந்தச் சொல் ஊமையாகவே நிற்கும்.

படத்தைக் காட்டித் தொடங்குவது பலருடைய வழக்கம். ஒரு நாள் செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. படம் முழுவதும் ஒரே பார்வையில் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. எழுத்தில் முதல் வரியில் கண்டதை மூன்றாம் வரி வரை மனத்தில் ஏந்திக்கொண்டு போக வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது அந்த இடத்தில்தான், படம் அதற்குப் பயிற்சி தருவதில்லை.

தமிழ் ஆசிரியருக்கு அதைவிட நல்ல கருவி கைக்கு அருகிலேயே இருக்கிறது. சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் இடைச்சொற்களைச் சொல்கிறேன்.

அவனும் வந்தான்.
அவன்தான் வந்தான்.
அவனாவது வந்தான்.
அவன்கூட வந்தான்.

நான்கிலும் வந்தவன் ஒருவன், வினை ஒன்று. வேறு யாராவது வந்தார்களா என்று மட்டும் கேளுங்கள். "அவனும்" என்றால் மற்றவர்களும் வந்திருக்கிறார்கள். "அவனாவது" என்றால் வரவேண்டியவர்கள் வரவில்லை, சொல்பவருக்கு ஒரு சிறு ஆறுதல். "அவன்கூட" என்றால் அவன் வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மற்றவர்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதப்படவில்லை, ஆனாலும் பத்து வயதுப் பிள்ளை தயங்காமல் சொல்லிவிடும். தனக்கு இந்தத் திறமை ஏற்கெனவே இருக்கிறது என்று அது தெரிந்துகொள்ளும் பாடவேளை இது. "மணி வந்தார்", "மணி வந்தான்" என்று எழுதி, மணியின் வயதையும் சொல்பவருக்கும் அவருக்கும் உள்ள நெருக்கத்தையும் பற்றிப் பேசவைக்கலாம். ஒரு பாடவேளை முழுவதையும் இதற்கே கொடுங்கள், வீணாகாது.

அடுத்து ஒரு சிறு பத்தி. நான் எழுதி வைத்திருப்பது இது:

"மாலதி குடையை வாசலிலேயே வைத்துவிட்டுக் காலணியைக் கழற்றி உதறினாள். 'இன்றாவது வந்தாயே' என்றார் தாத்தா. மேசையில் இரண்டு கோப்பைகளில் பால் இருந்தது. இரண்டிலும் ஆடை படிந்திருந்தது."

உடனே கேள்வி கேட்காதீர்கள். முதலில் உங்கள் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படியுங்கள். நான் ஏறக்குறைய இப்படிப் படிப்பேன்: "குடை என்று இருக்கிறது. வெயிலா, மழையா? இன்னும் தெரியவில்லை. வெயிலாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். காலணியை உதறுகிறாள். மணலாக இருக்குமோ? ஆனால் குடையை வாசலிலேயே வைத்திருக்கிறாள். அந்த 'ஏ' எதற்கு? உள்ளே கொண்டுபோனால் ஏதோ ஆகிவிடும். தண்ணீர் சொட்டுகிறது போலும். அப்படியென்றால் வெயில் என்று நினைத்தது தவறு, மழை என்று மாற்றிக்கொள்கிறேன்." மாற்றிக்கொள்வதை அவசியம் காட்டுங்கள். நன்றாகப் படிப்பவர்களுக்கு முதலிலேயே எல்லாம் புரிந்துவிடுகிறது என்று பின்தங்கிய பிள்ளைகள் நம்புகிறார்கள். ஆசிரியரும் தவறாக எண்ணிப் பிறகு திருத்திக்கொள்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர்கள் வாய்திறக்கிறார்கள்.

பிறகு வகுப்பிடம் விடுங்கள். தாத்தா எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார்? அவள் முன்பும் வருவதாகச் சொல்லியிருந்தாளா? ஒரு முறை இந்தப் பத்தியில் ஒரு சிறுவன், இரண்டாவது கோப்பை பாட்டிக்கு என்றான். தவறு என்று நான் சொல்லவில்லை. பாட்டி என்ற ஆள் எந்தச் சொல்லிலிருந்து வந்தார் என்று கேட்டேன். தேடிப் பார்த்து, "எங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறார்" என்றான். நேர்மையான பதில். விடைகளை மூன்றாகப் பிரிக்கும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது: உறுதி, இருக்கலாம், ஆதாரம் இல்லை. மழை பெய்தது உறுதி. தாத்தாவுக்குக் கோபம் என்பது இருக்கலாம். பாட்டி, ஆதாரம் இல்லை. கோபம் பற்றி வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஒரு சிறுமி மட்டும், "கோபமாக இருந்தால் தன் பாலையாவது குடித்திருப்பார்" என்றாள். அவள் எழுந்து அதைச் சொன்ன விதம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் வழிமுறைக்கு வருகிறேன். "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்ற கேள்வியைச் சரியான விடைக்கும் கேளுங்கள். நான் பல காலம் தவறான விடைக்கு மட்டுமே கேட்டுவந்தேன். விளைவு, அந்தக் கேள்வி காதில் விழுந்த மறுகணமே பிள்ளைகள் விடையை மாற்றினார்கள். சரியாகச் சொன்னவர்களும் மாற்றினார்கள். அவர்களுக்கு அது காரணம் கேட்கும் கேள்வியாகவே படவில்லை, "நீ சொன்னது தப்பு" என்றுதான் கேட்டது. ஒரு மாதம் எல்லா விடைகளுக்கும் ஒரே குரலில், ஒரே முகத்தோடு கேட்டபின்தான் அந்தப் பயம் போயிற்று.

அடுத்தது, தெரிந்த செய்தியின் பங்கு. நீண்ட பயணத்திலிருந்த கப்பல் ஒன்றின் மேலே பறவைகள் பறந்தன, மாலுமிகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள் என்று ஒரு பத்தி கொடுத்தேன். ஏன் மகிழ்ந்தார்கள் என்ற கேள்விக்குப் பாதிப் பேர் "பறவைகள் அழகாக இருந்தன" என்று எழுதினார்கள். இவர்களுக்கு ஊகிக்கவே வரவில்லை என்று சோர்ந்துபோனேன். பறவைக் கூட்டத்தைக் கண்டால் கரை பக்கம் என்று கடலோடிகள் கணிப்பார்கள் என்ற ஒரே செய்தியைச் சொன்னதும் வகுப்பே "ஓ" என்றது. திறமை இருந்தது, தகவல்தான் இல்லை.

டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிடச் சிறப்பாகப் புரிந்துகொண்டார்கள். ஆகவே ஒரு பிள்ளை தவறாக ஊகித்தால் முதலில் பிரித்துப் பாருங்கள்: சொல்லைக் கவனிக்கவில்லையா, அல்லது செய்தி தெரியாதா? முன்னதற்கு, அந்த வரியை மீண்டும் படிக்கச் சொன்னால் போதும். பின்னதற்கு நூறு முறை படித்தாலும் பயன் இல்லை, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். அதையும் படிப்பதற்கு முன்பே சொல்லுங்கள். உளவியலாளர்கள் ஜான் பிரான்ஸ்ஃபோர்டு, மார்சியா ஜான்சன் இருவரும் 1972-இல் துணி துவைப்பதைப் பற்றி, அந்தச் சொல்லே வராமல் எழுதிய பகுதியைச் சிலருக்கு வாசித்துக் காட்டினார்கள். எதைப் பற்றியது என்று முன்கூட்டியே அறிந்தவர்களுக்குப் புரிந்தது, நினைவிலும் நின்றது. கேட்டு முடித்தபின் அறிந்தவர்களுக்கு அதனால் பலன் இல்லை.

கதைகளோடு நிறுத்திவிடாதீர்கள். அறிவியல் பாடத்திலும் இதே வேலைதான். "இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கியது. காலையில் வாசலில் விட்டுவைத்த கண்ணாடிப் பாட்டில் விரிசல் கண்டிருந்தது." பாட்டிலில் என்ன இருந்தது? நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும் என்று தெரிந்த மாணவர் உடனே சொல்லிவிடுவார். தெரியாதவர் யாரோ உதைத்துவிட்டார்கள் என்பார்.

எழுத்துப் பயிற்சிக்கு நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரிக்கச் சொல்வேன். இடப்பக்கம் உரைப்பகுதியின் சொல், வலப்பக்கம் அதிலிருந்து அறிந்துகொண்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இதை நீட்டாதீர்கள். அதன்பின் கட்டத்தை நிரப்புவதே வேலையாகிவிடுகிறது, யோசனை நின்றுவிடுகிறது. வினாக்களை நீங்களே எழுதினால், ஒவ்வொன்றையும் நிலும்பி வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருள் தெரியாமலே விடை எழுத முடியுமானால் அடித்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பேசாத பிள்ளை இருக்கும். அதனிடம் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால் இன்னும் ஒடுங்கிப்போகும். இரண்டு கூற்றுகளை எழுதிக் கொடுங்கள்: "தாத்தா மாலதியை எதிர்பார்த்திருந்தார்", "தாத்தா மாலதியைக் கண்டு திகைத்தார்". எது பொருந்தும் என்று சொல்லவும் வேண்டாம், பத்தியில் எந்தச் சொல் அதைக் காட்டுகிறதோ அதன்மேல் விரல் வைத்தால் போதும் என்று சொல்லுங்கள். "ஆவது" என்பதன்மேல் விரல் வைத்தாலும் சரி, ஆடை படிந்த பால்மேல் வைத்தாலும் சரி, அந்த வரியை உரக்கப் படிக்கச் சொல்லி, அன்றைக்கு அதையே விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.