சாவி யாரிடம்? விண்டோஸ் 11-இல் முதலில் சரிசெய்ய வேண்டியவை

விண்டோஸில் அந்தரங்கம் காப்பது பற்றிப் பேசத் தொடங்கினாலே, உங்களுக்கேற்ற விளம்பரம் காட்டப் பயன்படும் விளம்பர அடையாள எண்ணை அணைக்கச் சொல்வார்கள். அதற்கு ஐந்து வினாடி போதும், பலனும் ஏறக்குறைய அவ்வளவுதான். உங்கள் கோப்புகள் எங்கே கிடக்கின்றன, வட்டைப் பூட்டிய சாவி யாரிடம் இருக்கிறது, எந்தக் கணக்கில் உள்ளே நுழைகிறீர்கள் ஆகிய மூன்றும்தான் பெரிய விஷயங்கள். வேலையையும் இதே வரிசையில் செய்யுங்கள். அவசரப்பட்டுக் கணக்கை முதலில் துண்டித்தால், கோப்புகளும் சாவியும் மைக்ரோசாஃப்ட் பக்கம் மாட்டிக்கொள்ளும்.

கோப்புகள்

மைக்ரோசாஃப்ட் கணக்குடன் அமைத்த கணினியில் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் சத்தமில்லாமல் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டாக்குமெண்ட்ஸைத் திறந்து முகவரிப் பட்டையைப் பாருங்கள். பாதையில் ஒன்டிரைவ் என்று இருந்தால் போய்விட்டது என்று பொருள். இலவச இடம் 5 ஜிபிதான். அது நிறைந்ததும் வரும் "இடம் போதவில்லை" எச்சரிக்கையைப் பார்த்துத்தான் பலருக்கு இது தெரியவே வருகிறது.

வெளியே எடுக்கும்போது கோப்பை இழப்பது இந்த இடத்தில்தான், அதனால் நிதானமாகச் செய்யுங்கள். கோப்பின் பக்கத்தில் மேகச் சின்னம் இருந்தால் அது உங்கள் வட்டில் இல்லை. பெயர் மட்டும்தான் இங்கே இருக்கிறது. ஒன்டிரைவ் கோப்புறையின் மேல் வலது சொடுக்கி "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கோப்பிலும் முழுப் பச்சை வட்டத்துக்குள் வெள்ளை டிக் வரும்வரை காத்திருங்கள். பச்சைக் கோடு மட்டும் உள்ள வட்டம் போதாது, இடம் குறைந்தால் அந்தக் கோப்பை விண்டோஸ் மீண்டும் மேகத்துக்கே தள்ளிவிடலாம். எல்லாம் இறங்கியதும் ஒரு வெளி வட்டில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பணிப்பட்டையில் உள்ள ஒன்டிரைவ் சின்னத்தைச் சொடுக்கி, செட்டிங்ஸ், சிங்க் அண்ட் பேக்கப், மேனேஜ் பேக்கப் என்று போய் ஒவ்வொரு கோப்புறையாக நிறுத்துங்கள். நிறுத்தியதும் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். பல பதிப்புகளில் கோப்புகள் ஒன்டிரைவ் கோப்புறைக்குள்ளேயே தங்கிவிடும், கையால் இழுத்துப் பழைய இடத்தில் போட்டால் சரி. அதன் பின்னரே அக்கவுண்ட் பகுதியில் "அன்லிங்க் திஸ் பிசி". இணையத்தில் உள்ள நகலை அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியாக இருக்கட்டும்: இணைப்பு இருக்கும்போதே அங்கே அழித்தால் இங்கேயும் அழிந்துவிடும். அப்படி நேர்ந்தால் தனிநபர் கணக்கின் குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை தேடலாம்.

சாவி

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கம் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படும். 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் கணக்கில் பதிவேறும். குறியாக்கம் நல்லதுதான், மடிக்கணினி திருடு போனால் அதுதான் காப்பாற்றும். ஆனால் சாவியின் நகல் நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கும்வரை, சட்டப்படி கேட்பவர்களுக்கு அதைக் கொடுக்க நிறுவனத்தால் முடியும். உங்கள் கணக்கைத் திருடியவர் கையிலும் அது சிக்கும்.

செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற இடத்தில் நிலையைப் பாருங்கள். அது இயங்கினால், வேறு எதையும் தொடும் முன் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் உள்ள மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதுங்கள், சாவி அடையாளத்தின் முதல் 8 எழுத்துகளோடு. பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்புக்குப் பிறகோ மதர்போர்டு மாற்றிய பிறகோ நீலத் திரை இந்த 48 இலக்கத்தைக் கேட்கலாம். அப்போது கையில் இல்லையென்றால் வட்டில் உள்ளது அவ்வளவுதான்.

புரோ பதிப்பில் சாவியை முழுக்க உங்கள் வசமாக்கலாம். கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரை (விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதி) அணைத்து, குறியாக்கம் முழுதாக நீங்கும்வரை விடுங்கள். திரும்ப இயக்கும்போது, சாவியை எங்கே சேமிப்பது என்ற கேள்விக்குக் கணக்கைத் தேர்ந்தெடுக்காமல் அச்சிடவோ பென்டிரைவில் கோப்பாக வைக்கவோ சொல்லுங்கள். சாவி புதிதாக உருவாவதால் கணக்கில் கிடக்கும் பழையது எதையும் திறக்காது, அதை நீக்கிவிடலாம். ஹோம் பதிப்பில் இந்தத் தேர்வு கிடையாது. அங்கே டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்துவிட்டு வெராகிரிப்ட் என்ற இலவசக் குறியாக்க மென்பொருளைப் போடுவது ஒரு வழி, ஆனால் அது தரும் மீட்பு வட்டை உருவாக்காமல் மேலே போகாதீர்கள்.

கணக்கு

செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், யுவர் இன்ஃபோ. அங்கே "சைன் இன் வித் எ லோக்கல் அக்கவுண்ட் இன்ஸ்டெட்" என்பதை அழுத்தினால், இந்தக் கணினியில் மட்டும் இருக்கும் கணக்குக்கு மாறுவீர்கள். மாறுவது எளிது, மாறியபடியே இருப்பதுதான் கடினம். பிறகு ஸ்டோரிலோ ஆஃபீஸிலோ நுழையும்போது, இந்தக் கணக்கைக் கணினி முழுக்கப் பயன்படுத்தலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். யோசிக்காமல் நெக்ஸ்ட் அழுத்தினால் பழைய நிலைக்கே வந்துவிடுவீர்கள். கீழே சிறிய எழுத்தில் இருக்கும் "மைக்ரோசாஃப்ட் ஆப்ஸ் ஒன்லி" என்பதை அழுத்துங்கள். அந்த எழுத்தை ஏன் அவ்வளவு சிறிதாக வைத்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

விண்டோஸைப் புதிதாக நிறுவுபவர்கள் ரூஃபஸ் என்ற இலவசக் கருவி கொண்டு நிறுவும் பென்டிரைவைத் தயாரிக்கலாம். ஸ்டார்ட் அழுத்தியதும் வரும் பெட்டியில் இணையக் கணக்குக் கட்டாயத்தை நீக்கும் தேர்வும், தரவு சேகரிப்பைக் குறைக்கும் தேர்வும் உண்டு. நிறுவும்போது கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையையும் இணைக்காதீர்கள்.

சின்ன சுவிட்சுகள்

பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் உள்ள டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக் பகுதியில், மைக்ரோசாஃப்டுக்குப் போகும் "ஆப்ஷனல்" தரவை அணையுங்கள். நீங்கள் பார்க்கும் தளங்கள், செயலிப் பயன்பாடு, செயலிழப்பின்போது நினைவகத்தில் இருந்த உங்கள் கோப்பின் துணுக்குகள் போன்றவை இதில் போகலாம். "ரிக்வயர்டு" தரவை ஹோமிலும் புரோவிலும் முழுக்க நிறுத்த முடியாது, அந்த உரிமை என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கு மட்டும். என்ன போகிறது என்று பார்க்க அதே இடத்தில் ஒரு வியூவர் இருக்கிறது. அது 1 ஜிபி வரை இடம் பிடிக்கும், பார்த்து முடித்ததும் அணைத்துவிடுங்கள்.

கோபைலட் பிளஸ் வகைக் கணினி (செயற்கை நுண்ணறிவுக்கென்றே தனிச் சில்லு உள்ளது) என்றால் ரீகால் அண்ட் ஸ்னாப்ஷாட்ஸ் பகுதியையும் பாருங்கள். ரீகால் என்பது பின்னர் தேடிப் பார்க்க உங்கள் திரையை அவ்வப்போது படம் பிடிக்கும் வசதி, நீங்கள் அனுமதித்தால்தான் பிடிக்கும். அது வேண்டவே வேண்டாம் என்பவர்கள் "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" பட்டியலில் ரீகாலின் டிக்கை எடுத்துவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் முடக்கும் ஸ்கிரிப்டுகளை நம்பி இறங்காதீர்கள். எந்த இணைய முகவரி எங்கே போக வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மைக்ரோசாஃப்ட் முகவரிகளைத் தடுப்பது பழைய வித்தை. 2020 முதல் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அதையே அச்சுறுத்தலாகக் காட்டுகிறது, "சரிசெய்" என்று விட்டால் உங்கள் ஹோஸ்ட்ஸ் கோப்பே பழையபடி ஆகிவிடும். புதுப்பிப்புச் சேவையை வேரோடு நீக்கும் ஸ்கிரிப்டுகள் பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்தே நிறுத்துகின்றன. புதுப்பிப்பைத் தள்ளிவைக்கத்தான் வேண்டுமென்றால் விண்டோஸ் அப்டேட்டிலேயே 5 வாரம் வரை தள்ளலாம்.

கடைசியாக, சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அடிவரை இறங்குங்கள். அடிஷனல் செட்டிங்ஸில் உள்ள மூன்று டிக்குகளையும் எடுத்துவிடுங்கள். பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு "உங்கள் கணினியை அமைத்து முடிப்போம்" என்று முழுத்திரையில் வந்து ஒன்டிரைவையும் கணக்கையும் திரும்பக் கேட்கும் திரை இவற்றால்தான் வருகிறது. எடுத்த பிறகும் ஒவ்வொரு பெரிய புதுப்பிப்பு முடிந்ததும் டாக்குமெண்ட்ஸின் பாதை, டிவைஸ் என்கிரிப்ஷன், யுவர் இன்ஃபோ ஆகிய மூன்றையும் ஒரு முறை திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.