ஐடி வேலையும் ஆட்டுப்பட்டியும்: முதல் வருடத்துக்கான செய்முறை

கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊரில் இருந்தபடியே அமெரிக்க கிளையண்டுக்கு சாஃப்ட்வேர் வேலை. வீட்டுக்குப் பின்னால் பட்டியில் கன்னி ஆடுகள். "ரெண்டுக்கும் நேரம் எப்படிக் கிடைக்குது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஆட்டுக்குக் காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம் போதும். உண்மையான தலைவலி வேறு: எந்த ஆடு எந்த நாளில் குட்டி போடும் என்பது. அதனால் இதில் பாதி அதைப் பற்றித்தான். கொட்டகை போடுவது, வங்கிக் கடன் இதெல்லாம் வேறு இடங்களில் நிறையவே கிடைக்கும்.

படி 1: ஆடு வாங்குவது

எட்டயபுரம் ஆட்டுச் சந்தை சனிக்கிழமை கூடுகிறது. லீவு போடாமல் போய்வரலாம். ஆனால் அங்கே விலை நிலவரம் பாருங்கள், விற்கப் போங்கள். வளர்க்கும் பெட்டையைச் சந்தையில் வாங்காதீர்கள். பல ஊர் ஆடு கலக்கும் இடம், சளியும் கழிச்சலும் கூடவே வரும். பட்டிக்கே போய், தாயைப் பார்த்து, இரண்டு பல் போட்ட (ஏறக்குறைய ஒன்றேகால், ஒன்றரை வயது) பெட்டையாக வாங்குவது நல்லது. வந்ததும் இரண்டு மூன்று வாரம் தனியே கட்டுங்கள்.

இனத்தைப் பொறுத்தவரை என் கட்சி உள்ளூர் ஆடுதான். கன்னி கருப்பாக இருக்கும், முகத்தின் இரு பக்கமும் கோடு ஓடும். பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். இந்த வெயிலையும் தாங்கும். ஆரம்பத்தில் கிடா வாங்க வேண்டாம். காரணம் படி 3-இல்.

படி 2: தீவனம்

ஒரு கையில் போன், மறு கையில் கம்பு என்று மேய்த்துக்கொண்டே மீட்டிங் பார்க்கலாம் என யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் 'அன்மியூட்' செய்யும் நேரம் பார்த்துத்தான் ஆடு பக்கத்துப் பருத்திக் காட்டுக்குள் இறங்கும். மேய்ச்சலுக்குச் சம்பளத்துக்கு ஆள் வையுங்கள், அல்லது பட்டியிலேயே வெட்டிப் போடுங்கள். பெரிய ஆட்டுக்கு நாளுக்குச் சுமார் நாலு கிலோ பசுந்தீவனம் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் கோ எஃப்.எஸ் 29 என்ற தீவனச் சோளமும் வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனமும் போடுங்கள், வரப்பில் அகத்தி. தட்டையை நறுக்க ஒரு சின்ன மிஷின் வாங்குங்கள். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் வேண்டாம். முழுத் தட்டையாகப் போட்டால் பாதி காலடியில்தான் கிடக்கும்.

இரண்டு எச்சரிக்கை. பூக்காத இளஞ்சோளத்தை, அதிலும் தண்ணீரில்லாமல் வாடி நிற்பதை, வெட்டிப் போடாதீர்கள். அதில் சயனைடு நச்சு இருக்கும், ஆடு சட்டென்று செத்துவிடும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அன்பாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதையும் தடுங்கள். ஒரே நேரத்தில் நிறையச் சோறோ தானியமோ தின்றால் வயிற்றில் அமிலம் ஏறி ஆடு படுத்துவிடும்.

படி 3: கிடாவைப் பிரித்து வைப்பது

என்னை அதிகம் பாடாய்ப் படுத்தியது இதுதான். ஊரில் கிடாவும் பெட்டையும் வருடம் முழுக்க ஒன்றாகவே கிடக்கும். முழுநேர விவசாயிக்கு அது சரி. நமக்கு என்ன ஆகும் என்றால், சாஃப்ட்வேர் ரிலீஸ் நடக்கும் இரவில் ஒன்று, அப்ரைசல் பேசும்போது ஒன்று என்று குட்டி விழும்.

பெட்டை ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 150 நாள். அப்படியானால் கிடாவை 45 நாள் மட்டும் பட்டியில் விட்டால் ஒவ்வொரு பெட்டைக்கும் இரண்டு வாய்ப்பு கிடைக்கும். குட்டிகளும் ஏறத்தாழ ஒரு 45 நாளுக்குள் வந்துவிடும்.

எப்போது விடுவது? அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் நவம்பர் கடைசியிலிருந்து வருடக் கடைசி வரை சாஃப்ட்வேரில் புது மாற்றம் எதுவும் போடமாட்டார்கள்; நமக்கு வேலை லேசாக இருக்கும். அப்போதே குட்டி வரட்டும் என்று தோன்றும். ஆனால் அது நமக்கு வடகிழக்குப் பருவமழை. ஈரத்தில் பிறக்கும் குட்டிக்குச் சளி பிடித்தால் கரையேற்றுவது கஷ்டம். நான் ஆகஸ்ட் 15-இல் கிடாவை விட்டு செப்டம்பர் 28-இல் வெளியே எடுக்கிறேன். ஜனவரி 12-ஐ ஒட்டி முதல் குட்டி, பிப்ரவரி 25 வாக்கில் கடைசிக் குட்டி. முதல் ஈற்றுகள் பொங்கல் லீவில் விழும். மழைக்குப் பின் பசுமையும் இருக்கும். அடுத்த ஆடியில் கோயில் கொடைக்கு விற்கக் கிடாய்க்குட்டி ஆறு மாதத்தைத் தொட்டிருக்கும்.

கிடாவை விடுவதற்கு முன் ஒரு மாதமாவது அது பெட்டைகளின் கண்ணிலும் மூக்கிலும் படக்கூடாது. பிறகு திடீரென்று அதன் வாடை பட்டால் நிறையப் பெட்டைகள் சில நாளிலேயே ஒருசேரப் பருவத்துக்கு வரும். அதனால்தான் முதல் வருடம் கிடாவை வாங்காமல் தெரிந்தவரிடம் இரவல் கேளுங்கள் என்கிறேன். இருபது பெட்டை வரை ஒரு கிடா போதும். கிடாவை விடுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து பெட்டைகளுக்குக் கொஞ்சம் அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) கூட்டிக் கொடுத்தால் இரட்டைக் குட்டிக்கு வாய்ப்பு அதிகம்.

படி 4: குட்டி போடும் நாட்கள்

பட்டியில் இரவிலும் தெரியும் வைஃபை கேமரா ஒன்று மாட்டுங்கள். ஆட்டுப் பண்ணை ஆப் எதுவும் எனக்குச் சரிப்படவில்லை. சாதாரண ஸ்ப்ரெட்ஷீட்டில் ஆட்டு எண், கிடா சேர்ந்த தேதி, கூட்டல் 150, அவ்வளவுதான். அந்தத் தேதிகளை ஆபீஸ் காலண்டரிலும் 'பிஸி' என்று போட்டுவிடுங்கள்.

மடி இறுகி, வால் அடியின் இரு பக்கமும் குழி விழுந்தால் ஈற்று நெருங்கிவிட்டது. முக்க ஆரம்பித்து ஒரு மணி நேரமாகியும் குட்டி தலைகாட்டாவிட்டால் காத்திருக்காதீர்கள்; கால்நடை மருத்துவரை அழையுங்கள். அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. குட்டி விழுந்ததும் மூக்கைத் துடைத்து, தொப்புள்கொடியில் அயோடின் தடவி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். அதுவரை மீட்டிங்கில் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல வேண்டாம்.

படி 5: கரண்ட், நெட்

லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் முதலில் சாவது ரவுட்டர்தான். ரவுட்டருக்கென்றே விற்கும் குட்டி யுபிஎஸ் போதும். நெட்டுக்கு ஒரு ஃபைபர், வேறு கம்பெனி சிம் ஒன்று.

பின்சேர்க்கை 1: கிடா இல்லாமலே ஆடு சினையாகிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு வழி உண்டு. மேய்ச்சலில் அடுத்தவர் கிடா, அல்லது உங்கள் பட்டியிலேயே வளரும் கிடாய்க்குட்டி. நாலு மாதத்திலேயே அது இனம் சேரத் தயாராகிவிடும். மூன்று மாதம் முடிந்ததும் பிரித்துவிடுங்கள். காயடிக்கலாமே என்றால், கோயிலுக்குக் கேட்பவர்கள் காயடிக்காததைத்தான் கேட்பார்கள்.

பின்சேர்க்கை 2: மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுவார்கள். நியூயார்க்கின் காலை 8 மணி மீட்டிங் கோடையில் நமக்கு மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. சாயங்காலத் தீவனத்தை இரண்டுக்கும் முன்னதாக, 4.30-க்கே பழக்கிவிடுங்கள். தாமதமானால் மொத்தப் பட்டியும் கத்துவது அங்கே வரை கேட்கும்.

பின்சேர்க்கை 3: வரி பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஆடு விற்ற லாபம் வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானம் ஆகாது. சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கில் காட்ட வேண்டும். தீவனம், மருந்து, ஆள்கூலி ரசீதுகளை எடுத்து வையுங்கள்.