அமெரிக்காவுக்குத் திரும்பி வருபவர்களுக்கு: தூங்கிப்போன கிரெடிட்டை எழுப்புவது

பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு அமெரிக்கா திரும்பினேன். வாடகைக்கு வீடு கேட்ட இடத்தில், "உங்களுக்குக் கிரெடிட் ஸ்கோரே வரவில்லையே" என்றார்கள். கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்டும் எண் அது. கிளம்பும்போது 700-க்கு மேல் இருந்தது. மனசு உடைந்துபோனது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அதிகம் பயன்படும் கிரெடிட் ஸ்கோரான ஃபைக்கோ வர வேண்டுமென்றால், கடந்த 6 மாதத்துக்குள் ஏதாவது ஒரு கணக்கைப் பற்றிய தகவல் பீரோவுக்கு (கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் நிறுவனத்துக்கு) போயிருக்க வேண்டும். நாம் தொடாத கார்டுகளை வங்கிகள் மூடிவிடுகின்றன. தகவல் நின்றால் ஸ்கோரும் நின்றுவிடும். ஆனால் ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கு சுமார் 10 வருடம் ரிப்போர்ட்டில் இருக்கும். அதனால் எல்லாம் போய்விட்டது என்று பயந்து, வந்த வாரமே ஐந்து கார்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் 2 வருடம் ரிப்போர்ட்டில் தெரியும்.

முதல் வேலை, எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று பீரோக்களின் ரிப்போர்ட்டையும் எடுப்பது. ஆன்யுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் இலவசம். நீங்கள்தானா என்று சரிபார்க்க, பழைய முகவரி, பழைய கார் லோன் பற்றியெல்லாம் கேள்வி வரும். பழைய காகிதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போகும்முன் கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்திருந்தால் (உங்கள் பெயரில் யாரும் புதுக் கடன் வாங்காதபடி ரிப்போர்ட்டைப் பூட்டியிருந்தால்), மூன்று இடத்திலும் அந்த ஃப்ரீஸை நீக்கிவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

ரிப்போர்ட்டை வரிவரியாகப் படியுங்கள். என்னுடையதில் ஒரு வசூல் கணக்கு இருந்தது. நான் திருப்பிக் கொடுத்த இன்டர்நெட் மோடத்துக்கான பில், காலி செய்த வீட்டுக்குப் போய், யாரும் பிரிக்காமல் வசூல் ஏஜென்சி வரை போயிருக்கிறது. மோடத்தைக் கொடுத்த ரசீதைப் பழைய மெயிலில் தேடி எடுத்து பீரோவில் டிஸ்ப்யூட் (இது தவறு என்ற ஆட்சேபணை) போட்டேன், நீக்கினார்கள். பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் விசாரிக்க வேண்டும். கடன் உண்மையாகவே உங்களுடையது என்றால் தேதியைப் பாருங்கள்: முதலில் தவறிய நாளிலிருந்து 7 வருடம் ஆனால் அது ரிப்போர்ட்டிலிருந்து போய்விடும்.

சரி, இனி புதிதாக ஒரு கார்டு. பழைய வங்கியில் கணக்கு உயிரோடு இருந்தால் அங்கேயே முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் செக்யூர்ட் கார்டு: நீங்கள் கட்டும் டெபாசிட்தான் பெரும்பாலும் உங்கள் லிமிட். மூன்று பீரோவுக்கும் தகவல் அனுப்புவார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கணவரோ மனைவியோ நல்ல கார்டு வைத்திருந்தால், அதில் ஆத்தரைஸ்டு யூசராக (அதே கணக்கில் கார்டைப் பயன்படுத்த அனுமதி பெற்றவராக) சேர்வதும் உதவும்.

பலர் சறுக்குவது இங்கேதான். 300 டாலர் லிமிட்டில் 270 டாலர் செலவழித்து, கெடு தேதிக்குள் முழுசாகக் கட்டிவிடுகிறோம். ஆனால் பீரோவுக்குப் பெரும்பாலும் போவது ஸ்டேட்மென்ட் தேதியில் இருந்த பாக்கி. அதாவது 90 சதவீதம்! ஸ்கோரில் சுமார் 30 சதவீதம் இந்தப் பாக்கி சார்ந்தது. ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே பெரும்பகுதியைக் கட்டி, 30 டாலருக்குள் நிறுத்துங்கள்.

முதல்முறையாக வருபவர்களுக்கும் இதே வழிதான், ஆனால் ஃபைக்கோ ஸ்கோர் வர முதல் கணக்கு திறந்து 6 மாதம் ஆக வேண்டும். இந்தியாவில் இருந்த சிபில் ஸ்கோர் (அங்குள்ள கிரெடிட் ஸ்கோர்) தானாக இங்கே வராது.

மறுபடி வெளிநாடு போக வேண்டி வந்தால், வருடக் கட்டணம் இல்லாத ஒரு கார்டில் மாதச் சந்தா ஒன்றைப் போட்டு, ஆட்டோ பே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கடைசி மோடம் ரசீதையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.