டேஸ்டிங் மெனு சாப்பிடப் போகிறீர்களா? மும்பைத் தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மாவின் 70-ஆவது பிறந்தநாளுக்கு மத்திய மும்பையில் ஒரு பெரிய உணவகத்துக்கு அவரை அழைத்துப் போனேன். டேஸ்டிங் மெனு வைத்திருக்கும் இடம். எதை, எந்த வரிசையில் சாப்பிடுவது என்பதை ஷெஃப் தீர்மானித்து, சின்னச் சின்னத் தட்டுகளாக ஒவ்வொன்றாக அனுப்புவார். புக் செய்யும்போது 'வெஜ்' என்று குறித்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். இரண்டாவது தட்டு வந்ததும் அம்மா மெதுவாகக் கேட்டார்: "இதுல பூண்டு இருக்குமாடி?"

பதற்றத்தில் சர்வரைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு ஜெயின்" என்று சொல்லிவிட்டேன். மும்பையில் அந்த ஒரு சொல் எல்லோருக்கும் புரியும் என்பதால் வாயில் அதுதான் வந்தது. ஆனால் ஜெயின் சாப்பாடு என்றால் மண்ணுக்கு அடியில் விளையும் கிழங்கு வகைகள் கிடையாது. வெங்காயம், பூண்டோடு உருளைக்கிழங்கு, கேரட், சேனை, சக்கரவள்ளி எல்லாம் போய்விடும். அன்றைய மெனுவில் மிக அருமையாக இருந்தது ஒரு கிழங்கு வகை. அம்மாவுக்குக் கிழங்கு என்றால் உயிர். எங்கள் மூன்று பேருக்கும் அது வந்தது. அவருக்கு மட்டும் பனீர் வந்தது. சமையலறையின் மேல் எந்தத் தவறும் இல்லை. நான் சொன்னதைத்தான் செய்தார்கள்.

அதற்குப் பிறகு செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இருக்கும் உறவினர்கள், நண்பர்கள் பலரிடம் இதைப் பற்றிப் பேசினேன். இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய் ஏமாற்றத்தோடு திரும்பியவர்கள் நிறைய. அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டால், அடியில் இருப்பது ஒன்றுதான்: கூச்சம். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

'வெஜ்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்துவது

இந்தச் சமையலறைகளில் பல பொருள்கள் அன்று காலையில் தொடங்குவதில்லை. புளிக்கவைப்பவை நாள்கணக்கில் ஊறும். சாறுகளும் சாஸ்களும் முந்தின நாளே தயாராகும். இனிப்பு முன்பே உறையவைக்கப்பட்டிருக்கும். மேசையில் உட்கார்ந்து சொன்னால், அவர்களால் ஒரு பொருளை எடுக்க முடியுமே தவிர, அதற்கு ஈடாக இன்னொன்றை யோசித்துச் செய்ய நேரம் இருக்காது. இரண்டு மூன்று நாள் முன்னால் போன் செய்து சொன்னால், அதே ஆள் உங்களுக்கென்று ஒரு தட்டைச் செய்து தருவார்.

சொல்லும்போது பொருள் பொருளாகச் சொல்லுங்கள். "வெங்காயம், பூண்டு மட்டும் வேண்டாம், கிழங்கு சாப்பிடுவோம்." "முட்டை கேக்கிலும் வேண்டாம்." "ஜெலட்டின் சேர்த்த இனிப்பு வேண்டாம்." ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது. இனிப்பை உறையவைக்க அதைப் பயன்படுத்துவது உண்டு, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரை வைத்தும் செய்யலாம். எது என்று கேட்டால் சொல்வார்கள். வீட்டில் யாருக்காவது கோதுமை ஒத்துக்கொள்ளாது என்றால் பெருங்காயத்தைப் பற்றியும் கேளுங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். நட்ஸ் அலர்ஜி என்றால், அதை விருப்பம் போலச் சொல்லாமல் அலர்ஜி என்றே அழுத்திச் சொல்லுங்கள். இந்தச் சாப்பாட்டில் முந்திரி விழுது எங்கே ஒளிந்திருக்கும் என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. ஆகஸ்டில் உற்சாகமாக நான்வெஜ் மெனுவுக்கு புக் செய்துவிட்டு, போகிற நாள் புரட்டாசியில் விழுகிறது என்பதைப் பிறகு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஏகாதசி, கார்த்திகை மாலை, சஷ்டி விரதம் இதெல்லாம் இருக்கும் வீடு என்றால் தேதி குறிக்கும் முன் காலண்டரைப் பாருங்கள். பல இடங்களில் முன்பணமோ முழுப்பணமோ கட்டித்தான் புக் செய்ய வேண்டும். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் அது திரும்பி வராமல் போகலாம்.

"இவ்வளவுதானா?" என்று முதல் தட்டிலேயே முடிவுகட்டுவது

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் 1942 முதல் இருக்கும் ராம நாயக் உடுப்பியில் இலை போட்டு உட்கார்ந்தால் எவ்வளவு வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. போதும் என்றால் கையைக் குறுக்கே வைக்கிறோம். டேஸ்டிங் மெனுவில் அளவு சமையலறையின் கையில் இருக்கிறது. மகாலட்சுமியில் சக்தி மில்ஸ் சந்தில் 2016-இல் தொடங்கிய மாஸ்க் உணவகம் மாதிரி இடங்களில் 10 கோர்ஸ், அதாவது பத்து தட்டு வரை வரும். முதல் தட்டில் ஒரே ஒரு வாய்தான் இருக்கும். பத்தாவதில் வயிறு நிறைந்திருக்கும். பசிக்கப்போகிறதே என்று பயந்து வழியில் வடாபாவ் சாப்பிட்டுவிட்டுப் போனால் ஆறாவது தட்டிலேயே திணறுவீர்கள். நடுவில் ரொட்டியும் வெண்ணெயும் வந்தால் ருசி பாருங்கள், அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள். வேகம் அதிகமாகத் தெரிந்தால் "கொஞ்சம் இடைவெளி விட்டுக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லலாம், தயங்கவே வேண்டாம். மொத்தம் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்துவிட்டு கடைசி லோக்கலைப் பிடிக்க ஓடினால் இனிப்பைத்தான் விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும்.

வரிசையாகச் சாப்பிடுவது நமக்குப் புதிதும் இல்லை. சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கி, முந்தின ருசியை அடுத்தது துடைக்கும்படி சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நாக்கோடு இங்கே உட்கார்ந்தால், நடுவில் ஏன் புளிப்பாக ஒரு ஐஸ் வருகிறது என்பது யாரும் விளக்காமலே புரியும்.

ரசம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2017-இல் சென்னை ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டலில் தொடங்கிய ஆவர்த்தனா உணவகம், இப்போது அந்தேரியில் ஐடிசி மராத்தா ஹோட்டலிலும் இருக்கிறது. அங்கே தக்காளி ரசத்தைத் தெளியத் தெளிய வடித்து மார்ட்டினி கோப்பையில் தருவார்கள். கலங்கல் கொஞ்சமும் இருக்காது, மணம் மட்டும் மூக்கில் ஏறும். நம்மவர்களில் ஒரு பாதி பேர் "இதெல்லாம் ரசமா" என்று ஒதுக்கிவிடுவார்கள். இன்னொரு பாதி, ருசி பிடிக்காவிட்டாலும் பெரிய இடமாயிற்றே என்று தலையாட்டுவார்கள். இரண்டுமே தவறு என்றுதான் நினைக்கிறேன். முதலில் கோப்பையை மூக்கருகே கொண்டுபோங்கள், சூடு குறையும் முன் குடியுங்கள், அப்புறம் வீட்டு ரசத்தோடு ஒப்பிடுங்கள். ஒப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. புளியின் பச்சை வாசனை போயிருக்கிறதா, மிளகு தூக்கலா என்று உடனே சொல்லக்கூடிய நாக்கு நமக்கு இருக்கிறது. அதைத் தட்டு மேசையில் இருக்கும்போதே சொன்னால் சமையலறைக்குப் பயன்படும். "எல்லாம் நல்லா இருக்கு" என்று சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு நட்சத்திரம் போடுவதால் யாருக்கும் லாபமில்லை. சொல்ல ஆங்கிலமும் தேவையில்லை. மெனு ஆங்கிலத்தில் இருந்தாலும் சர்வர்களிடம் ஹிந்தியில் தாராளமாகப் பேசலாம். ஒரு தட்டை வைத்துவிட்டு அவர்கள் விளக்கும்போது புரியாவிட்டால் இன்னொரு தடவை கேளுங்கள்.

கை, கரண்டி, கேமரா

கையால் சாப்பிடலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். சில தட்டுகள் கைக்காகவே செய்யப்பட்டவை. சந்தேகம் என்றால் "இதை எப்படிச் சாப்பிட வேண்டும்?" என்று கேளுங்கள். ஒரே வாயில் போடச் சொன்னதைக் கத்தியால் வெட்டினால், பானிபூரியை உடைத்துச் சாப்பிட்ட மாதிரி உள்ளே இருப்பதெல்லாம் தட்டில் ஓடிவிடும்.

போட்டோ ஒன்று எடுங்கள், போதும். சில தட்டுகளின் மேல் வரும் நுரை என்பது காற்றுதான், சில நிமிடத்தில் அமுங்கிவிடும். 2009-இல் டெல்லியில் தொடங்கி 2023 முதல் மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸிலும் (பிகேசி) இருக்கும் இந்தியன் ஆக்சென்ட் உணவகத்துக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த இனிப்புகளில் ஒன்று தௌலத் கி சாட். பழைய டெல்லியின் குளிர்காலப் பால் நுரைதான் அதன் மூலம். அந்த மாதிரிப் பண்டத்துக்குக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தால் நுரை படிந்து வெறும் பால்தான் மிஞ்சும்.

2015-இல் கமலா மில்ஸில் தொடங்கிய பாம்பே கேன்டீன் மாதிரி, தனித்தனியாக ஆர்டர் செய்யும் இடங்களில் தவறு வேறு. உட்கார்ந்ததும் எட்டு அயிட்டத்தைச் சொல்லிவிடுவோம். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து, பாதி ஆறிப்போகும். நாலு பேருக்கு நாலு சின்னத் தட்டு முதலில் சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டு அடுத்ததைச் சொல்லலாம்.

பில்லைப் படிக்காமல் கட்டுவது

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் வரியும் மற்றதும் தனி. வெளியே தனியாக இருக்கும் உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஒரு அறையின் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருந்தால் 18 சதவீதம். 5,000 ரூபாய் மெனு முதல் இடத்தில் 5,250, இரண்டாவதில் 5,900. அதே ஹோட்டல் பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து, அதற்கும் சேர்த்து வரி போட்டால் 6,490. மதுவுக்கு ஜிஎஸ்டி இல்லை, மாநில வாட் தனியாக வரும்.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச் 28-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பில்லில் இருந்தால் "இதை எடுத்துவிடுங்கள்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் செய்யலாம். மூன்று மணி நேரம் நின்று பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள். தண்ணீரையும் கவனியுங்கள். "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" என்று கேட்கும்போது சாதாரண ஃபில்டர் தண்ணீர் போதும் என்று சொல்லலாம். இல்லாவிட்டால் பாட்டில் பாட்டிலாகத் திறந்துகொண்டே இருப்பார்கள், அதுவும் பில்லில் வந்து உட்காரும்.