தாமிரபரணியில் குழந்தைகளோடு தூண்டில் போட

கோடை விடுமுறையில் குழந்தைகளை ஆற்றுக்கு மீன் பிடிக்கக் கூட்டிப் போவது என்று முடிவானதும், வீட்டு ஆண்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: விரால் ஆசை உள்ளவர் அதற்கு வேறொரு நாள் தனியாகப் போய்க்கொள்ளட்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு கிலோ விராலும் விரல் நீளக் கெண்டையும் ஒன்றுதான். தூண்டில் நரம்பில் கட்டி மிதக்கவிடும் தக்கை, மீன் கடித்து அடிக்கடி அமிழ வேண்டும், அவ்வளவே. மதியம் வரை அசையாத தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை என் கணவருக்கு உண்டு, என் மகனுக்கு இல்லை.

நான் கல்லிடைக்குறிச்சிக்காரி. மற்ற ஆறுகள் மணலாகக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களிலும் எங்கள் ஆற்றில் தண்ணீர் ஓடும். அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி வரை, சரிவான மணல் கரையும் மருத மர நிழலும் முழங்கால் அளவு ஓட்டமும் சேர்ந்த இடமாகத் தேடுங்கள். குழந்தைகளை இறக்குவதற்கு முன் பெரியவர் ஒருவர் கம்பால் குத்திப் பார்த்துக்கொண்டே அந்த இடம் முழுவதும் நடந்துவிட வேண்டும். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. பாலத் தூண்களின் அடியும் அப்படித்தான், ஓட்டம் மண்ணைக் குடைந்து வைத்திருக்கும். இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. அவற்றுக்கு நேர் கீழே மீன் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் பாசி வழுக்கும், தண்ணீர் சுழலும். குழந்தையோடு அந்தப் பக்கமே வேண்டாம்.

மழையே இல்லாத நாளிலும் தண்ணீர் ஏறும். மேலே பாபநாசம் அணையில் மின்சாரம் எடுக்கவோ பாசனத்துக்கோ திறந்துவிட்டால் கீழே மட்டம் உயர்ந்துவிடும். மலையில் கோடை மழை பெய்தாலும் அதே கதை. போனதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். குச்சி தண்ணீருக்குள் நிற்கக் கண்டால், தூண்டிலில் எது மாட்டியிருந்தாலும் சரி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

பாபநாசத்துக்கு மேலே புலிகள் காப்பகம், அங்கே தூண்டிலோடு போகவே கூடாது. கோயில் படித்துறைகளில் மக்கள் பொரி போட்டு வளர்க்கும் மீன்களையும் விட்டுவிடுங்கள். குளங்களுக்கு மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் எடுத்தவர் இருப்பார், அவரைக் கேட்காமல் போட்டால் சண்டைதான் வரும்.

கடையில் விற்கும் சுருள் தூண்டில் பெரியவர்களுக்கு. சிறுவருக்கு ஆறடி மூங்கில் குச்சி போதும். நரம்பும் ஏறக்குறைய அதே நீளம் இருக்கட்டும், கூடினால் மரத்திலும் பக்கத்தில் இருப்பவர் தலைமுடியிலும் மாட்டும். மயிலிறகுத் தண்டில் ஒரு துண்டு நல்ல தக்கை, சோளத்தட்டை நெட்டியும் ஆகும். இருப்பதில் சிறிய தூண்டில் முள்ளாக வாங்குங்கள். அதன் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் குட்டி முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். சில மீன்கள் நழுவும். ஆனால் முள் குழந்தையின் விரலில் ஏறினால் எளிதாக வெளியே வந்துவிடும்.

மண்புழுவுக்கு வாழைமூட்டில், அடுக்களைத் தண்ணீர் போகும் இடத்தைக் கிளறினால் போதும். ஈரமண்ணோடு சிரட்டையில் போட்டு நிழலில் வையுங்கள். புழுவைத் தொட மறுக்கும் பிள்ளைக்கு மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து கொடுக்கலாம். பிசையும்போது துளிப் பஞ்சு சேர்த்தால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது.

விடிந்ததும் கிளம்பி எட்டரைக்குள் திரும்புவது உத்தமம். கத்திரி வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் மீனும் கடிக்காது, பிள்ளைகளும் சிணுங்கத் தொடங்குவார்கள். இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொள்ளுங்கள், சோப்பை மறக்க வேண்டாம். புழு தொட்ட கையோடுதான் இட்லிக்கு ஓடி வருவார்கள். வழியில் நுங்கு கிடைத்தால் வாங்கி, திரும்பும்போது கொடுப்பதாகச் சொல்லி வையுங்கள். வீட்டுக்குக் கிளப்ப அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இரண்டு பெரியவர்களாவது வேண்டும். ஒருவர் தூண்டிலைத் தொடவே கூடாது. தூண்டில் பிடித்தவர் கண் தக்கையை விட்டு நகராது, அவரை நம்பிப் பிள்ளையை விட முடியாது. நீந்தத் தெரியாத குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட் போட்டுவிடுங்கள். முழங்கால் தண்ணீர்தானே என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

சின்னவனுக்குத் தூண்டிலே வேண்டாம். பழைய துண்டின் இரண்டு முனையை அவனிடமும் இரண்டை அக்காவிடமும் கொடுத்து, கணுக்கால் தண்ணீரில் அள்ளச் சொல்லுங்கள். மாட்டும் பொடி மீனை வாளித் தண்ணீரில் விட்டுப் பார்க்கட்டும், கிளம்பும்போது ஆற்றிலேயே விட்டுவிடலாம். எங்கள் வீட்டில் அதிகக் கூச்சல் வருவது இந்த வாளிப் பக்கமிருந்துதான்.

தூண்டிலில் பெரும்பாலும் கெண்டையும் ஜிலேபியும் வரும். ஜிலேபி நம் ஊர் மீன் அல்ல, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டது. இன்று அது இல்லாத நீர்நிலை குறைவு என்பதால் தாராளமாகப் பிடிக்கலாம். தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் என்று சொன்னதிலிருந்து, என் மகள் ஒவ்வொரு ஜிலேபியின் வாயையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் கூடையில் போட விடுகிறாள். கெளுத்தி வந்தால் மட்டும் குழந்தைகளை எட்ட நிறுத்துங்கள். முதுகிலும் இரு பக்கமும் உள்ள முட்கள் குத்தினால் கடுகடுவென்று வலிக்கும். குத்திய இடத்தைக் கழுவி, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்திருந்தால் வலி தணியும். குழந்தை என்றால் சூட்டை முதலில் உங்கள் கையில் பார்த்துக்கொள்ளுங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீங்கினாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

கிளம்பும்போது அறுந்த நரம்பைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கொக்கின் காலில் சுற்றினால் அவிழாது. மீனை ஆற்றங்கரையிலேயே செதில் உரசிக் குடல் எடுத்துவிட்டால் வீட்டில் நாற்றம் இல்லை; கழிவைத் தண்ணீரில் எறியாமல் தள்ளிப் புதையுங்கள். ஜிலேபியில் கொஞ்சம் மண்வாசம் இருக்கும். புளித்தண்ணீரில் அலசி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவி அரைமணி நேரம் ஊறவிட்டு நல்லெண்ணெயில் பொரியுங்கள். கெண்டைக்கு முள் அதிகம், அதைப் பெரியவர்கள் வைத்துக்கொண்டு ஜிலேபியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.