காத்மாண்டு குழந்தைகள் இல்லத்தில் தொண்டு: பிள்ளைகளோடு பழகவும், நோகாமல் பிரியவும்

பிள்ளைகளோடு எப்படிப் பழகுவது என்பதற்கு முன்னால், எந்த இல்லத்துக்குப் போவது என்ற கேள்வி இருக்கிறது. நேபாளத்தின் 77 மாவட்டங்களில் காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், சித்வன், காஸ்கி ஆகிய ஐந்தில்தான் பெரும்பாலான இல்லங்கள் குவிந்திருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகும் மாவட்டங்களும் இவையே. இது தற்செயல் இல்லை. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். "நல்ல பள்ளியில் சேர்க்கிறோம்" என்று சொல்லி, பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். பலருக்குப் பெற்றோர் இறந்ததாகப் பொய்ச் சான்று தயாரானது. இன்றும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். 2018-ல் வந்த குழந்தைகள் சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது.

ஆகவே இல்லத்துக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "தசைன் விடுமுறையில் எத்தனை பிள்ளைகள் சொந்த ஊருக்குப் போகிறார்கள்?" புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வரும் 15 நாள் பண்டிகை அது. நேபாளத்தில் எந்த மூலையில் இருப்பவரும் வீடு போய்ச் சேரும் காலம். ஒழுங்கான இல்லம் பாதிப் பேரையாவது உறவினரிடம் அனுப்பி வைத்து, யார் எங்கே போனார்கள் என்ற கணக்கையும் வைத்திருக்கும். "இவர்களுக்கு யாருமே இல்லை" என்று ஒரேயடியாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள். பதிவு எண், பிள்ளைகளின் எண்ணிக்கை, இரவில் தங்கும் பராமரிப்பாளர்கள் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள்.

அவர்களும் உங்களைக் கேள்வி கேட்க வேண்டும். காவல்துறைச் சான்று, இரண்டு பேரின் பரிந்துரை, நேர்காணல் எதுவும் கேட்காமல் "நாளைக்கே வாங்க" என்று சொல்லும் இல்லம், வேறு யாரையும் அப்படித்தான் உள்ளே விடும். விருந்தாளி வந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் பாட்டும் நடனமும் நடத்தினால், தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

விசா விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. இலங்கை, சிங்கப்பூர், கனடா போன்ற நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யக்கூடாது. சம்பளமில்லாத தொண்டுக்கும் இதே தடைதான். "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க" என்று சொல்லும் அமைப்பு சட்டத்தை எப்படி மதிக்கிறது என்பதை அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

மூன்று மாதத்துக்குக் குறைவாகத்தான் நேரம் இருக்கிறதா? பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் வேலையை எடுக்காதீர்கள். கணக்கு எழுதுவது, பழுதான கணினியைச் சரிசெய்வது, நூலகத்தை அடுக்குவது, பணியாளர்களுக்கு முதலுதவி கற்றுக்கொடுப்பது என்று கை நிறைய வேலை கிடைக்கும். பிள்ளைக்கு ஒருவர் பழகி முடியும் நேரத்தில் கிளம்பிப் போவதும், அடுத்த மாதம் இன்னொருவர் வந்து முதலிலிருந்து தொடங்குவதும்தான் இல்லங்களில் நடக்கும் பெரிய சேதம்.

முதல் வாரம்

வாசலில் காலை வைத்ததும் நாலைந்து சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வார்கள். மடியில் ஏறுவார்கள். தொண்டர்கள் பலர் இதில்தான் உருகிப்போகிறார்கள். வீட்டில் வளரும் நாலு வயதுக் குழந்தை முகம் தெரியாதவரைக் கண்டால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும். பார்த்த நிமிடமே யாரிடமும் ஒட்டிக்கொள்வது, நிலையான ஆள் ஒருவர் இல்லாமல் வளர்ந்ததன் அறிகுறி. அந்தக் குழந்தையை உதறவும் வேண்டாம், தூக்கிக்கொண்டு திரியவும் வேண்டாம். குனிந்து, கண்ணுக்கு நேராக ஒரு வணக்கம் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார வைத்துக் கையில் ஒரு வேலை கொடுங்கள். பசி, காயம், அழுகை என்று எது வந்தாலும் அங்கே பராமரிக்கும் 'தீதி'யிடம், அதாவது அக்காவிடம், கூட்டிப்போங்கள். சாப்பாடு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது மூன்றும் அவர்கள் வேலை. நீங்கள் போன பிறகும் அங்கே இருக்கப்போகிறவர் அவர்தான்; பிள்ளைக்கு ஒட்டுதல் வளர வேண்டியது அவரிடம்.

முதல் மூன்று நாள் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். காலை ஒன்பது மணி வாக்கில் பருப்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் பள்ளிக்குக் கிளம்புவார்கள். நாலு மணிக்குத் திரும்பியதும் சிற்றுண்டி. அதன் பிறகு வீட்டுப்பாடம் வரைக்கும் உள்ள நேரமும், விடுமுறையான சனிக்கிழமையும்தான் உங்களுக்கானவை. எச்சில் பார்க்கும் வழக்கம் அங்கும் உண்டு, 'ஜூட்டோ' என்பார்கள். கடித்த பழத்தை நீட்டக்கூடாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேபாளியில் 'போலி' என்றால் 'நாளை'. நாளை நிச்சயம் வருவோம் என்றால் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வராமல் போனால் அது நம்மூர் 'போலி'தான்.

விளையாட்டில் தொடங்குங்கள்

தெரிந்த விளையாட்டைக் கற்றுக்கொடுக்கப் போகாமல், அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். 'பாக் சால்' இதற்குப் பொருத்தமானது. நம் ஆடுபுலி ஆட்டத்துக்கு உறவுக்கார ஆட்டம் அது. நம்முடையதில் முக்கோணக் கட்டம், 3 புலி, 15 ஆடு. அங்கே வரிசைக்கு ஐந்தாக 25 புள்ளிகள் கொண்ட சதுரக் கட்டம், 4 புலி, 20 ஆடு. புலிகள் நாலு மூலையில் நிற்கும். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். ஐந்து ஆட்டைப் புலி வெட்டினால் புலிக்கு வெற்றி, எல்லாப் புலியும் நகர முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்கு. தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, மக்காச்சோள மணியை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்தால் செலவே இல்லை. முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்படும் பிள்ளையும் கட்டத்தைப் பார்த்தபடி பேசும். நீங்கள் தோற்கும்போது அதற்கு வரும் சிரிப்பு எந்தச் சாக்லேட்டிலும் வராது.

பன்னிரண்டு பேர் இருந்தால் மூன்று கட்டம் போடுங்கள். ஒரே கட்டம் போட்டால் பெரிய பையன்கள் இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள், சின்னவர்கள் கல்லைக் கலைத்துவிட்டு ஓடுவார்கள். சின்னவர்களிடம் ஆடு எண்ணித் தரும் பொறுப்பைக் கொடுத்தால் கலைப்பது நிற்கும். ஐந்து கல் ஆட்டம் அங்கே 'கட்டா', கில்லி தாண்டல் அங்கே 'தண்டி பியோ'. கில்லியைத் திறந்த மைதானத்தில் மட்டும் ஆடுங்கள். முற்றத்தில் ஆடினால் யார் கண்ணிலாவது படும்.

தவறுவது எங்கே

ஒரு பிள்ளை உங்களையே சுற்றிவரும். அதற்கு மட்டும் பேனா, அதற்கு மட்டும் பிஸ்கட் என்று தொடங்கினால், இரவில் மற்றவர்களிடம் அடி வாங்குவது அந்தப் பிள்ளைதான். பரிசு எதுவானாலும் இல்லத்துக்குப் பொதுவாகக் கொடுங்கள். தனியறையில் எந்தப் பிள்ளையோடும் இருக்க வேண்டாம்; இன்னொரு பெரியவர் பார்க்கும் இடத்தில் இருப்பது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. செல்போனை அலுவலக அறையில் வைத்துவிடுங்கள். முகம் தெரியும் படத்தைப் போட்டு இல்லத்தின் பெயரையும் எழுதினால், தரகருக்கும் கெட்ட எண்ணக்காரருக்கும் முகவரி கொடுத்ததாகிவிடும்.

"உன் அம்மா எங்கே?" என்று கேட்கவே வேண்டாம். சில பிள்ளைகளுக்குப் பொய் சொல்லப் பழக்கியிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் அடி விழும். பிள்ளை தானாக ஏதாவது கொடுமையைச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தோண்டித் துருவவும் வேண்டாம். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதி, குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே கொடுங்கள். குற்றம் நிர்வாகத்தின் மேலேயே என்றால் நேபாளத்தின் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

கிளம்புவது

போகும் நாளை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். சுவரில் தொங்கும் நேபாள நாட்காட்டியில், அவர்களுடைய மாதக் கணக்கில், அந்தத் தேதியை வட்டமிடுங்கள். இரண்டு வாரம் முன்பு மறுபடி நினைவுபடுத்துங்கள். கடைசி வாரத்தில் விளையாட்டுப் பெட்டியையும் சாவியையும் பெரிய பிள்ளை ஒருவரிடமோ தீதியிடமோ ஒப்படைத்து, நீங்கள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கேக், அழுகை, பேச்சு எதுவும் வேண்டாம். கடைசி நாளும் பாக் சால் ஆடும் நாளாகவே போகட்டும். தூங்கும்போது சொல்லாமல் கிளம்பினால், அடுத்து வருபவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் பிள்ளைகள் பின்னாலேயே வருவார்கள்.

திரும்பி வருவேன் என்று சொல்லாதீர்கள். ஊர் வந்து சேர்ந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே அஞ்சலட்டையை இல்லத்தின் முகவரிக்கு எழுதுங்கள்: நல்லபடியாக வந்து சேர்ந்தேன், இங்கே மழை, ஆடுபுலியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடமும் தோற்றேன் என்று நாலு வரி போதும்.